ஒண்ணும் ஆகாது என்று சொல்லாதவர்

அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் நினைக்காத நாள் கிடையாது. அவர் ஒன்றும் கண்காணாத தேசத்துக்குப் போய்விடவில்லை. இரண்டு தெரு தள்ளி, டயர் கடைக்கு மேலே மாடியில், அதே கால் ஆடும் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். வேண்டுமென்றால் இப்போதே போய்ப் பார்க்கலாம். ஆனாலும் தலை வாரும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மனசு அப்படித்தான் சொல்லும். முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது, ‘இந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது’ என்று புருஷனிடம் சொன்னதும் இதே அவள்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் புருஷன் சலூன்காரன். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை, கூட ஒரு கூட்டாளி. ஷேவிங் என்றால் அவனிடம்தான் என்று காத்துக்கிடந்து செய்துகொள்கிறவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு நிதானமான கை. கத்தி போவதே தெரியாது, பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன், குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சவரக்கத்தியைத் தொடுவதை நிறுத்திவிட்டான். மணிக்கட்டு வலி என்று கூட்டாளியிடம் ஒரு பொய். முடிவெட்டு மட்டும் இவன், ஷேவிங் எல்லாம் அவர் என்று ஏற்பாடானது.

வீட்டில் கூத்து வேறு மாதிரி. ஒருநாள் சமையலறைக் கத்தியைக் காணோம். மறுநாள் கத்தரிக்கோலைக் காணோம். மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு தோல் சீவுகிற சமாசாரம் கூடக் காணாமல் போயிற்று. தேடிப் பார்த்தால் எல்லாம் நாளிதழில் சுருட்டப்பட்டு அலமாரி உச்சியில் இருந்தன. ஒரு வெங்காயம் நறுக்க அவள் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது. பிரசவமான உடம்பு, கோபம் வராதா? கேட்டால் ‘குழந்தை இருக்கிற வீடு’ என்பான். குழந்தையோ குப்புற விழக்கூடத் தெரியாமல் மல்லாந்து கிடக்கிறது.

அதைவிட வயிற்றெரிச்சல், அவன் குழந்தையைத் தூக்கவே இல்லை. அவள் நீட்டினால் கை ஈரம் என்பான், சளி என்பான், கடைக்கு நேரமாச்சு என்பான். ஒத்தாசைக்கு வந்திருந்த அவள் அம்மா ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள், பெண்ணாகப் பிறந்துவிட்டது என்று மாப்பிள்ளைக்கு மனசு கோணிவிட்டதோ என்று. அவளுக்கு வேறு சந்தேகம். வெளியே யாரையோ பிடித்துக்கொண்டான், அதுதான் வீட்டில் ஒட்ட மாட்டேன் என்கிறான் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடைக்குப் போகிற பெண்கள் யார் யார் என்று யோசித்து, ஆண்கள் சலூனுக்குப் பெண் எங்கே வருவாள் என்று தனக்குத்தானே விடையும் சொல்லிக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்தது தடுப்பூசி போடுகிற இடத்தில். நர்ஸ் எதேச்சையாகக் குழந்தையை அவன் பக்கம் நீட்டி, ‘ஒரு நிமிஷம் பிடிங்க’ என்றாள். அவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் போய் இடித்துக்கொண்டான். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வேறொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். இந்த நர்ஸ் சிரிக்கவில்லை. குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவனைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, குழந்தையைப் பற்றிப் பயமுறுத்துகிற நினைப்பு ஏதாவது வருகிறதா என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த ஆறடி ஆள் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

கத்தியைக் கையில் எடுத்தால் குழந்தையின் கழுத்து ஞாபகம் வருகிறது. எங்கே தன் கையே ஏதாவது செய்துவிடுமோ என்று உடம்பு நடுங்குகிறது. நினைக்காதே நினைக்காதே என்றால் இன்னும் நூறு மடங்காக வருகிறது. தான் மனுஷனே இல்லை, பேசாமல் வீட்டைவிட்டுப் போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாக, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஆனால் திரை விலகி அவன் முகத்தைப் பார்த்தபோது பயம் போய்விட்டது. அத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்தானே என்ற பரிதாபம்தான் மிஞ்சியது. நர்ஸ் ஒரு சீட்டில் ஆலோசகரின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். வரிசை நீளம், மூன்று வாரம் ஆகும் என்றாள்.

அந்த மூன்று வாரமும் அவளே வைத்தியம் பார்த்தாள். ‘நான் ஏதாவது செஞ்சிடுவேனா?’ என்று அவன் கேட்பான். ‘நீங்களா? ஒண்ணும் ஆகாதுங்க. உங்களை எனக்குத் தெரியாதா?’ என்பாள். உடனே அவன் முகம் தெளியும். அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். முதலில் ஒரு தடவை சொன்னால் அரை நாள் தாங்கியது. பிறகு ஒரு மணி நேரம். கடைசியில் அடுப்பில் வைத்த பால் காய்வதற்குள் அடுத்த கேள்வி வந்து நின்றது. கடையிலிருந்து போன் போட்டுக் கேட்டான். குளியலறைக்கு வெளியே நின்று கேட்டான். அவளும் வாய் ஓயாமல் சொன்னாள். பெண்டாட்டி என்று எதற்கு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா கசிந்த கறை. பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையின் ஆடுகிற காலுக்கு அட்டையை மடித்துச் செருகுவார், அது நிற்காது, மறுபடி செருகுவார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அவன் சொன்னதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டார். பிறகு, இந்த மாதிரி நினைப்பு குழந்தை பெற்ற ஏராளமானவர்களுக்கு மின்னல் வெட்டுகிற மாதிரி வந்து போகிறது, அவனிடம் வந்தது போகாமல் உட்கார்ந்துகொண்டது, இதற்கு ஒரு பெயரும் உண்டு, வைத்தியமும் உண்டு என்றார். நினைப்பு வருவது வேறு, செய்ய ஆசைப்படுவது வேறு என்றும் விளக்கினார். அவன் கண்ணில் உயிர் வந்தது.

“இதை இன்னைக்கு ஒரு தடவை சொல்லிட்டேன். இனிமே நீங்க எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பினார். வீட்டில் இவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று விசாரித்தார். அவள் பெருமையாகவே சொன்னாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றார். நாற்பது இருக்கும் என்றாள். அவர் அட்டையைச் செருகுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். இந்த நோய்க்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்ப்பதே அந்த ஒரு வார்த்தைதான் என்றார். நிச்சயம் வேண்டும் நிச்சயம் வேண்டும் என்று அது கேட்கும், கொடுக்கக் கொடுக்கப் பசி கூடும். இனிமேல் கேட்டால், ‘தெரியாது, ஆகலாம், ஆகாமலும் போகலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நடுங்கிக்கொண்டிருக்கிற புருஷனைப் பார்த்து, குழந்தைக்கு ஏதாவது ஆனாலும் ஆகலாம் என்று எந்தப் பெண்டாட்டியாவது சொல்வாளா? கேட்டேவிட்டாள். சொல்வது கஷ்டம்தான், அதனால்தான் உங்களையும் வரச் சொன்னேன் என்றார் அவர். படியிறங்கும்போதுதான் நெஞ்சில் ஈரமில்லாதவர் என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தாள். விந்தை என்னவென்றால், அவன் அதற்குத் தலையாட்டவில்லை. போய்ப் பார்க்கலாம் என்றான்.

செய்ய வேண்டியதை அவர் சொல்லவில்லை, அவனையே எழுதச் சொன்னார். எது எது பயமோ அதையெல்லாம் அவன் கையாலேயே, சின்னப் பயம் கீழே பெரிய பயம் மேலே. கத்தியை அலமாரி உச்சியிலிருந்து இறக்குவது. கத்தி மேஜைமேல் இருக்கும்போது அதே அறையில் உட்காருவது. அடுத்த அறையில் குழந்தை இருக்கக் காய் நறுக்குவது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது. கடையில் ஷேவிங் செய்வது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி. அதை எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். ‘குழந்தையோடு தனியாக ஒரு பகல்.’

அந்த வரிக்கு ஒரு கெடுவும் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். பிரசவ லீவு முடிய நாலு மாதம். அவள் அம்மாவும் அதற்குமேல் இருக்க முடியாது, அங்கே அப்பா தனியாகத் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். கூட்டாளியோடு முறை போட்டு அவன் பகலில் வீட்டில் இருந்து, சாயங்காலம் கடைக்குப் போவதாகப் பிள்ளை உண்டானபோதே பேசி வைத்திருந்தார்கள். அது நடக்காவிட்டால் அவள் வேலை போகும். வேலை போனால்கூடப் போகட்டும். அப்பா என்று ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தும் தொடாமல் ஒரு பெண் வளர்வதுதான் அவளால் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது.

கத்தி கீழே இறங்கியது. அவள் ஸ்டூல் ஏறுவதிலிருந்து தப்பினாள். ‘தெரியாதுங்க, ஆகலாம், ஆகாமலும் போகலாம்’ என்று முதல் தடவை சொன்னபோது அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் சமையலறைக்குள் ஓடி, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அம்மா ஒன்றும் புரியாமல் மகளுக்கும் ஏதோ ஆகிவிட்டதென்று பார்த்தாள். ஆனால் அன்றைக்கு நாற்பது கேள்வி முப்பதாகக் குறைந்திருந்தது. அடுத்த வாரம் பதினைந்து.

இடையில் சறுக்காமலும் இல்லை. குழந்தையை முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்ட அன்று அவன் பல் கிட்டிப்போகிற அளவுக்கு நடுங்கினான். குழந்தையோ அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. ‘ஒரே ஒரு தடவை சொல்லும்மா, அப்புறம் கேக்கவே மாட்டேன்’ என்றான். அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் கேள்வி பழைய கணக்குக்கே போய்விட்டது. மறுநாள் அவள் மட்டும் தனியாக அந்த மாடிக்குப் போய், நான்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். போன வாரம் வேறொருவரிடம் தானும் வாய்தவறிச் சொல்லிவிட்டதாகவும், இருபது வருஷமாக இதையே வேலையாகச் செய்கிற தனக்கே நாக்கு வழுக்குகிறதென்றும் சொன்னார். பிறகு நாளையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள் என்று தண்ணீர் கொடுத்தார். அவர்மேல் இருந்த கோபம் அன்றைக்குப் பாதி கரைந்தது.

மீதி கரைந்தது சலூனில்.

ஷேவிங் என்ற வரி வந்ததும் அவன் சாக்குச் சொல்ல ஆரம்பித்தான். வாடிக்கையாளர் உயிரோடு விளையாட முடியாது என்றான். சரி, வாடிக்கையாளர் வேண்டாம், நான் வருகிறேன் என்றார் ஆலோசகர். சொன்னபடி புதன்கிழமை மதியம், நாலு நாள் தாடியோடு வந்து நின்றார். அவளையும் வரச் சொல்லியிருந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காத்திருக்கிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். கூட்டாளி டீ குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிட்டார்.

துணி போர்த்தி, நுரை தடவுகிற வரை அவன் கை பழைய கை. கத்தியை விரித்ததும் நின்றுவிட்டான். கண்ணாடியில் பின்னால் அவளும் குழந்தையும் தெரிகிறார்கள், முன்னால் ஒரு கழுத்து. அவன் உதடு உலர்ந்து வெளுத்துப்போயிற்று.

“சார், ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றான்.

“தெரியலையே. எனக்கு நாலு மணிக்கு வேற ஆள் வராங்க. அதுக்குள்ள முடிச்சா சரி” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே.

அவன் கன்னத்தில் கத்தியை வைத்தான். ஒரு இழுப்பு. நின்றான். மூச்சு வாங்கினான். இன்னொரு இழுப்பு. தாடைக்குக் கீழே இறங்குவதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை. பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், தற்செயலாகக் கீழே பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியின் இரும்புக் கால்பலகையில் காலை வைத்திருந்தார். அந்தப் பத்துக் கால் விரல்களும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. போர்த்திய துணிக்குமேலே முகம் தூங்குகிற முகம். கீழே விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

இந்த ஆளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆகாது என்று உள்ளுக்குள் நிச்சயமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு நம்மிடம் மட்டும் மறைக்கிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்தாள். அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், யாரோ ஒரு சலூன்காரன் தன் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதற்காக. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழந்தையின் தலையில் முகத்தை வைத்து மறைத்துக்கொண்டாள்.

முடிந்து எழுந்தவர் கண்ணாடியில் தாடையைத் தடவிப் பார்த்து, காதுக்குக் கீழே இரண்டு முடி விட்டிருக்கிறது என்று குற்றம் கண்டுபிடித்தார். அதையும் எடுக்க வைத்துவிட்டுத்தான் போனார். வாசலில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“பயமா இல்லையா சார் உங்களுக்கு?”

“கத்தி கழுத்துல இருந்தா பயமா இருக்காதாம்மா? இருந்துச்சு. அதுபாட்டுக்கு இருந்துச்சு, நான்பாட்டுக்கு உக்காந்திருந்தேன்” என்றார். மணியைப் பார்த்தார். மூன்று ஐம்பது. வேகமாக நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகும் அவன் கேட்டான். இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பாதிக் கேள்வியில் தானே நிறுத்திக்கொள்வான். ‘சரி, தெரியாது, அதானே?’ என்று அவளுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு எழுந்து போவான். குழந்தையைக் குளிப்பாட்ட வந்தான். தோளில் போட்டுத் தூங்க வைத்தான். அவள் அம்மா ஊருக்குக் கிளம்புகிறபோது, மாப்பிள்ளையைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவனிடமே கண் கலங்கினாள். அவனுக்கு அவள் என்ன பேசினாள் என்றே தெரியாது. அதனால் தாராளமாக மன்னித்தான்.

அவள் வேலைக்குத் திரும்புகிற திங்கட்கிழமை வந்தது. மேலே எழுதிய அந்தக் கடைசி வரி இன்றைக்கு. வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் முகம் சரியில்லை. வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். அவளும் ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். திரும்பிப் பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் மூக்கிலெல்லாம் கண்ணாடியை மாட்டி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மனசு முழுக்க வீட்டில். மத்தியானம் தாங்காமல் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். என்ன கேட்கப் போகிறாள்? எல்லாம் சரிதானே, ஒண்ணும் ஆகலையே என்றுதானே. இத்தனை மாதம் அவன் வாயிலிருந்து பிடுங்கிப் போட்ட கேள்வி இப்போது தன் வாயில் வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நேரே முதலாளியம்மாவிடம் போய், சாயங்காலம் வரைக்கும் இதை உங்கள் டிராயரில் வைத்துப் பூட்டுங்கள் என்று போனைக் கொடுத்தாள். அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூட்டினார்.

ஐந்து மணிக்கு வீடு வந்தாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அவன் சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நீட்டிய காலின்மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது கையில் ஒரு விரலில் துளிப் பஞ்சு. துணியில் மிளகளவு ரத்தக் கறை, காய்ந்துபோனது.

அவள் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் அடிக்குரலில் சொன்னான்.

“கன்னத்தைக் கீறிக்கிட்டா. நகம் நீளமா இருந்துச்சு, வெட்ட உக்காந்தேன். ரெண்டாவது விரல்லயே சதையில பட்டுடுச்சு. ரத்தம் வந்துடுச்சு. வீல்னு அழுதா.”

அடுத்ததாக வரப்போகிற கேள்விக்கு அவள் காத்திருந்தாள். நான் வேணும்னு செஞ்சேனா, என் கைதானே செஞ்சது, பாத்தியா நான் சொன்னது நடந்துடுச்சே. எது வந்தாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். தன்னால் முடியுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவன் கேட்கவில்லை. குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான்.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன? எனக்குக் கை நடுங்குச்சு. தூக்கி வெச்சுக்கிட்டேன். அழுகை நின்னுச்சு. மீதி எட்டு விரலையும் வெட்டிட்டேன்.”

அவள் பையைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் கையை விரித்துப் பார்த்தாள். சலூன்காரன் வெட்டிய நகம், பிசிறே இல்லை. அவன் பயந்ததில் ஒரு கடுகளவு நிஜமாகவே நடந்திருக்கிறது. நடந்தபிறகும் அவன் எழுந்து ஓடவில்லை, அந்த நகவெட்டியைக் கொண்டுபோய் அலமாரி உச்சியில் சுருட்டி வைக்கவில்லை. ஒண்ணும் ஆகாது என்று கடைசிவரைக்கும் சொல்லாத அந்த டயர் கடை மாடி மனுஷனை நினைத்து, திரைக்குப் பின்னால் கூப்பிட்டுக் கேட்ட நர்ஸை நினைத்து, இதோ காலை மடக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கிற இவனை நினைத்து, அவள் சத்தம் வராமல் அழுதாள். அழுகை நன்றாக இருந்தது. அவன் ஏன் என்று கேட்காமல் தோளைக் கொடுத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, “கால் நகம் பாக்கி இருக்கு. தூக்கத்துல உதைக்கிறா” என்றான். “நாளைக்கு நீ வேலைக்குப் போனப்புறம் வெட்டிக்கிறேன்.”

சரி என்றாள் அவள்.